சத்தம் இல்லாத பம்பு

மகன்,

போன சனிக்கிழமை மாம்புரிப் பள்ளிக்கூட மண்டபத்தில், ஊர் முழுக்க உட்கார்ந்திருந்த சபையில், நீ பொய் சொன்னாய். ஒலிவாங்கியைக் கையில் பிடித்துக்கொண்டு, சுவரில் விழுந்த படத்தைக் காட்டி, "என்ட உம்மாட தோட்டத்திலயே சோலார் பம்பு ஓடுது. எண்ணெய் இல்ல, புகை இல்ல, சத்தம் இல்ல. ஒருத்தருக்கும் ஒரு பாதிப்பும் இல்ல" என்றாய். கடைசியாகச் சொன்னது பொய். அது பொய் என்று உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். முன்வரிசைக் கதிரையில் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, ஓம் ஓம் என்று தலையாட்டியவள் நான்தான்.

நீ சபையில் சொன்னதை நான் அடுப்படியில் வைத்துத் திருத்த முடியாது. அதனால் இந்தக் கடிதத்தை உறையில் போட்டு ஒட்டவில்லை. ஒரு பிரதி உனக்கு, ஒரு பிரதி வாசிகசாலை அறிவித்தல் பலகைக்கு. உனக்கு வெட்கமாக இருக்கும். இருக்கட்டும். வாழ்க்கையில் ஒரு தடவையாவது சபையில் வெட்கப்படாதவனுக்குச் சட்டம் எழுதும் வேலை கொடுக்கக் கூடாது என்பது என் கட்சி. எனக்கும் வெட்கமாகத்தான் இருக்கிறது. உன் வாப்பா மட்டும் சந்தோஷமாக இருக்கிறார். "உம்மாவும் மகனும் சேந்து ஒரு பொய் சொன்னீங்க, நான் அண்டைக்கு வாயே துறக்கல்ல" என்று போகிறவர் வருகிறவரிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். அன்றைக்கு அவர் கூட்டத்தில் தூங்கினார் என்பதை யாரும் அவருக்கு ஞாபகப்படுத்தவில்லை.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் என்னையும் கூட்டத்தில் கத்திய அந்த இஞ்சின் உதிரிப்பாகக் கடைக்காரரின் பக்கத்தில் நிறுத்திவிடுவாய். மண்ணெண்ணெயிலும் பெற்றோலிலும் ஓடும் பம்பு, புல் வெட்டும் இயந்திரம், மருந்தடிக்கும் இயந்திரம் எல்லாவற்றையும் தோட்டங்களிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று கொழும்பில் உன் அலுவலகம் ஒரு சட்ட வரைவு எழுதியிருக்கிறது. முதலில் எங்கள் தீபகற்பத்தில் பரீட்சித்துப் பார்க்கப் போகிறீர்கள். அதற்கு நான் எதிரி இல்லை. கடைக்காரர் எழும்பி, "இது எங்கட பரம்பரைத் தொழில், கொழும்பில இருந்து வந்து கை வைக்க ஏலாது" என்று கத்தினாரே, எனக்குச் சிரிப்பு வந்தது. இஞ்சின் கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்மூட்டு விலகுவது யாருடைய பரம்பரை? அவருடைய தோள் நன்றாகத்தான் இருக்கிறது. அவர் கயிறு விற்கிறவர்.

மண்ணெண்ணெய் மேல் உனக்கு இருக்கும் கோபம் எங்கே தொடங்கியது என்று எனக்குத் தெரியும். அதையும் இன்றைக்கு எழுதிவிடுகிறேன். உனக்கு ஒன்பது வயது. பெரிய தகரப் பரலில் இருந்து கைக் கலனுக்கு மண்ணெண்ணெய் இறக்க வேண்டும். குழாயின் ஒரு முனையைப் பரலுக்குள் விட்டு, மறுமுனையை வாயால் உறிஞ்சி, எண்ணெய் ஏறிவரும் நேரம் பார்த்து விரலால் பொத்தி, கலனுக்குள் திருப்ப வேண்டும். வழக்கமாக நான்தான் செய்வேன். அன்றைக்கு எனக்கு நோன்பு. வாயில் எண்ணெய் பட்டால் நோன்பு முறியும் என்று உன்னைக் கூப்பிட்டேன். நீயும் நோன்பு என்றாய். "ஒனக்கு அரை நோன்பு போதும், உறிஞ்சு" என்றேன். நீ தேவைக்கு மேலே உறிஞ்சிவிட்டாய். புத்தளம் ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். டொக்டர் கேட்டபோது, "தண்ணி எண்டு நெனச்சுக் குடிச்சிட்டான்" என்றேன். அவர் உன்னைப் பார்த்து, "இவ்வளவு பெரிய ஆள், மணம் தெரியாதா?" என்று ஏசினார். நீ என்னைப் பார்த்தாய், பிறகு கட்டிலைப் பார்த்தாய். பள்ளிக்கூடத்தில் அந்தத் தவணை முடியும்வரை உன்னை அடுப்பு என்று கூப்பிட்டார்கள். நீ ஏப்பம் விட்டால் பக்கத்தில் நெருப்புப் பெட்டி இருக்கிறதா என்று பார்த்தார்களாம். வீட்டுக்கு வந்து அதை நீயே நடித்துக் காட்டி எங்களைச் சிரிக்க வைத்தாய். நோன்பைக் காப்பாற்றுவதற்காகப் பிள்ளையின் தொண்டையைப் பணயம் வைத்த உம்மா நான். அதற்கு உன்னிடம் நான் மன்னிப்புக் கேட்டதே இல்லை. இப்போது கேட்கிறேன். தாமதத்துக்கும் சேர்த்து.

அதனால் நீ படித்து, இப்படி ஒரு அலுவலகத்துக்குப் போய், எண்ணெய் இஞ்சினை ஒழிக்க வேண்டும் என்று மேசையில் அடித்துக் கதைக்கும்போது எனக்குப் பெருமை. நாட்டில் எண்ணெய் இல்லாமல் போன காலத்தில் நாங்கள் கலனை வரிசையில் வைத்துவிட்டு, கலனுக்குக் காவலும் இருந்து, வீட்டுக்கு வந்து பார்த்தால் வெங்காயத் தாள் மஞ்சளாகச் சாய்ந்து கிடந்தது. கிணற்றில் தண்ணீர் இருந்தது. வானத்தில் சூரியன் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ ஒரு கப்பல் வரவில்லை என்பதற்காக எங்கள் பயிர் செத்தது. அதைவிட முட்டாள்தனமான ஏற்பாடு உலகத்தில் இருக்குமா என்று நான் அப்போதே ஏசினேன். ஏசியது வரிசையில் நின்ற எல்லோருக்கும் கேட்டது. ஒருவர்கூட மறுத்துக் கதைக்கவில்லை.

சோலார் பம்பு வந்த நாள் உனக்கு ஞாபகம் இருக்கும். நீதான் விண்ணப்பம் நிரப்பினாய். காணி எங்கள் பெயரில் என்று உறுதிப் பத்திரம் இருந்ததால் எங்களுக்குக் கிடைத்தது. பொருத்த வந்தவர்கள் சுவிட்சுப் பெட்டியில் ஆளியைப் போட்டார்கள், குழாயில் தண்ணீர் வந்தது, உன் வாப்பா "எப்ப ஸ்டார்ட் பண்ணுவீங்க?" என்று கேட்டார். ஓடிக்கொண்டிருக்கிறது என்று அவர்கள் சொன்ன பிறகும் நம்பாமல் பம்புக்குப் பக்கத்தில் குந்தி, காதை வைத்துப் பார்த்தார். அன்றைக்கு நாங்கள் தோட்டத்தில் நின்று சாதாரணக் குரலில் கதைத்தோம். கல்யாணம் முடித்த காலத்திலிருந்து தோட்டத்தில் நாங்கள் கத்தித்தான் கதைத்திருக்கிறோம். மெதுவாகக் கதைத்தால் உன் வாப்பா இவ்வளவு நல்ல மனிசன் என்று எனக்கு அப்போதுதான் தெரியவந்தது.

இனி என் பிழைக்கு வருகிறேன். எண்ணெய் இஞ்சின் காலத்தில் நாங்கள் தண்ணீரை எதனால் அளந்தோம் என்று நினைத்துப் பார். எண்ணெய்ப் போத்தலால். கிணற்றின் ஆழத்தையோ மணிக்கூட்டையோ யாரும் பார்க்கவில்லை. "இண்டைக்கு எத்தன போத்தல் பாச்சின?" என்று ஒருத்தியை ஒருத்தி கேட்போம். வெங்காயத்துக்கு ஒரு போத்தல், மிளகாய்க்கு ஒன்றரை. எண்ணெய் முடிந்தால் இஞ்சின் நிற்கும். இஞ்சின் நின்றால் கிணறு மூச்சு வாங்கும். எங்கள் மணலுக்குக் கீழே கிடப்பது உப்புத் தண்ணீர். அதற்கு மேலே நல்ல தண்ணீர் பாலில் ஆடை படிந்த மாதிரி மெல்லிசாக மிதக்கிறது. ஆடையை மெதுவாக எடுத்தால் எடுத்துக்கொண்டே இருக்கலாம். கரண்டியை ஆழமாக விட்டு அள்ளினால் அடியில் இருப்பது மேலே வந்துவிடும். இதை எங்களுக்கு யாரும் பாடமாகச் சொல்லித் தரவில்லை. எண்ணெயின் விலை எங்கள் கையைப் பிடித்து வைத்திருந்தது. நாங்கள் அதை ஏசிக்கொண்டே அதற்குக் கட்டுப்பட்டு நடந்தோம்.

சத்தமும் அப்படித்தான். பக்கத்துத் தோட்டத்து ரவூப் நானாவின் இஞ்சின் சத்தம் கேட்டால் நான் என்னுடையதைப் போடமாட்டேன். என்னுடையது கேட்டால் அவர் பொறுத்திருப்பார். இரண்டும் ஒன்றாக ஓடினால் இரண்டு கிணறும் இறங்கிவிடும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். இதற்கு ஒப்பந்தம் இல்லை, கூட்டம் இல்லை, கையெழுத்து இல்லை. காது மட்டும்தான். ஒரு தடவை என் இஞ்சின் பழுதாகி மூன்று நாள் சத்தம் வரவில்லை என்று ரவூப் நானா வேலிக்கு வந்து, "தங்கச்சி, சுகமில்லையா?" என்று கேட்டார். என் சுகம்கூட அவருக்கு இஞ்சின் வழியாகத்தான் தெரிந்திருந்தது.

சோலார் பம்பு வந்த பிறகு எனக்குப் போத்தலும் இல்லை, சத்தமும் இல்லை. வெயில் வந்தால் தண்ணீர் வந்தது. சும்மா வருகிறதே என்று விட்டுவிட்டேன். காலையில் ஆளியைப் போட்டால் பின்னேரம் பள்ளிவாசலில் அஸர் தொழுகைக்கு வாங்கு சொல்லும்வரை ஓடும். மிளகாய் போதும் என்றால் பூசணிக்கு, பூசணி போதும் என்றால் தென்னைக்கு, தென்னையும் போதும் என்றால் வேலியோரத்துப் புல்லுக்கு. எங்கள் வாசலில் புல் பச்சையாக இருக்கிறது என்று நீ ஒரு படம் எடுத்துக்கொண்டு போனாயே, அந்தப் புல்தான். அதே நேரத்தில் வேலிக்கு அந்தப் பக்கம் ரவூப் நானா காதைக் கொடுத்துப் பார்த்திருக்கிறார். என் பக்கத்தில் சத்தம் இல்லை. நான் பாய்ச்சவில்லை என்று நினைத்துத் தன் எண்ணெய் இஞ்சினைப் போட்டிருக்கிறார். அவருடைய கிணறு கடல்நீர் ஏறும் களப்புப் பக்கம். உப்பு முதலில் ஏறியது அங்கேதான்.

அவர் அந்தப் போகம் பந்தல் கட்டிப் போஞ்சிக் கொடி போட்டிருந்தார். உப்புப் பட்டால் முதலில் சாகிற பயிர் அது. இலையின் ஓரம் கருகி, உள்ளே சுருண்டு, ஒரு மாதத்துக்குள் பந்தலில் கயிறு மட்டும் மிஞ்சியது. அவருடைய மனைவி கைருன் ஒரு நாள் கிணற்றுத் தண்ணீரைக் கோப்பையில் கொண்டுவந்து, "மச்சி, குடிச்சிப் பாருங்க, எனக்கு மட்டுந்தான் இப்பிடியா?" என்று கேட்டாள். குடித்தேன். உப்பு. "மழை இல்லத்தானே, அதுதான்" என்றேன். அப்போது நானும் அப்படித்தான் நினைத்தேன். பிறகு சிலாபத்தில் உன் மாமியின் மகளுடைய கல்யாணத்துக்குப் போய் ஆறு நாள் நின்றோம். பம்பு ஓடவில்லை. திரும்பி வந்தபோது கைருன் வேலியில் நின்று, "கொஞ்சம் தெளிஞ்சிருக்கு மச்சி, அல்லா காப்பாத்தினான்" என்றாள். அடுத்த நாள் நான் ஆளியைப் போட்டேன். நாலாம் நாள் திரும்பவும் உப்பு. அந்த நாலாம் நாள் எனக்கு விளங்கிவிட்டது, மகன். விளங்கிய பிறகும் நான் நிறுத்தவில்லை. மிளகாய் பழுக்கிற நேரம். இன்னும் மூன்று கிழமை, இருபத்தொரு நாள்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஓட விட்டேன். தெரியாமல் செய்ததைப் பிழை என்று சொல்லலாம். அந்த மூன்று கிழமைக்கு வேறு பெயர்.

இப்போது அந்தக் கூட்டத்துக்கு வா. நீ கதைத்து முடித்ததும் பின்வரிசையில் இருந்து ரவூப் நானா எழும்பினார். அவர் கத்தவில்லை. "மகன், எனக்குக் காணி உறுதி இல்ல. சோலாருக்கு விண்ணப்பம் போட்டன், உறுதி கொண்டாங்க எண்டு திருப்பி அனுப்பிட்டாங்க. என்ட இஞ்சினையும் எடுத்தா, நான் எதால தண்ணி பாச்சுற?" என்று கேட்டார். நீ கையில் இருந்த தாளைப் பார்த்தாய். "அதக் குறிச்சிக்கிறம் நானா" என்றாய். யாரோ ஒரு பிள்ளை பின்னால் இருந்து, "சேர், பேனையே எடுக்கல்ல" என்றது. மண்டபம் சிரித்தது. நீயும் சிரித்தாய். உன் காது சிவந்ததை நான் பார்த்தேன். சின்ன வயதிலும் உனக்குப் பிழை விளங்கினால் முதலில் காதுதான் சிவக்கும்.

பிறகு ஒருவர், கடற்கரை ஹோட்டல்களின் ஜெனரேட்டருக்கும் இந்தத் தடை உண்டா என்று கேட்டார். அது இரண்டாம் கட்டத்தில் பரிசீலிக்கப்படும் என்றாய். இந்த இடத்தில் எனக்குக் கோபம் வந்தது, இப்போதும் இருக்கிறது. பட்டம் கட்டிக் கடலில் வழுக்கி விளையாட வருகிறவர்களுக்காக, ஒரு வீடு அளவு ஜெனரேட்டர் குளிரூட்டியை ஓட்டிக்கொண்டிருக்கிறது. அதற்கு இரண்டாம் கட்டம். ரவூப் நானாவின் கைப்பெட்டி அளவு இஞ்சினுக்கு முதல் கட்டம். ஏன் என்று நீ சொல்லவில்லை, நான் சொல்கிறேன். ஹோட்டல்காரர் வழக்கறிஞரோடு வருவார், ரவூப் நானா கட்டிய சாரனோடு வருவார். புகையைச் சுத்தம் செய்கிறோம் என்று புறப்பட்டு, யாரிடம் எதிர்த்துக் கதைக்க ஆள் இல்லையோ அவனிடமிருந்து தொடங்குவது இந்த நாட்டில் எல்லா நல்ல காரியத்துக்கும் பிடித்த வியாதி. நீ அந்த வியாதியோடு பிறக்கவில்லை. அலுவலகத்தில் ஒட்டிக்கொண்டது. கழுவினால் போகும்.

இந்தக் கேள்விகளுக்கெல்லாம் பிறகுதான் நீ என் தோட்டத்தின் படத்தைப் போட்டு, ஒருத்தருக்கும் பாதிப்பில்லை என்றாய். நான் எழும்பியிருக்க வேண்டும். எழும்பவில்லை. ஏன் என்று ஒரு கிழமையாக யோசித்தேன். பயம் இல்லை, உனக்குத் தெரியும், பிரதேச சபைக்கே போய் ஏசிவிட்டு வந்தவள் நான். உன் சட்டையில் ஒரு சுருக்கம் இல்லை. நீ தமிழில் சொன்னதை அடுத்த நிமிடம் சிங்களத்தில் திருப்பிச் சொன்னாய், ஒரு இடத்தில்கூடத் தடுக்கவில்லை. மூன்றாம் வரிசையில் உனக்குப் பெண் கொடுக்க நினைத்திருக்கும் குடும்பம் உட்கார்ந்திருந்தது. அந்தப் பெண்ணின் உம்மா என்னைப் பார்த்துப் புன்னகைத்தாள். அவ்வளவுதான் காரணம். ஒரு மனிசனின் கிணற்றை ஒரு புன்னகைக்கு விற்றேன். தலையை ஆட்டினேன்.

நீ அவசரமாகக் கருவாட்டுப் பொதியையும் வாங்கிக்கொண்டு அலுவலக ஜீப்பில் ஏறிப் போனாய். அடுத்த நாள் காலையில் நான் ரவூப் நானாவின் வீட்டுக்குப் போனேன். இருவரும் முற்றத்தில் வெங்காயம் பரப்பிக்கொண்டிருந்தார்கள். உட்காரச் சொன்னார்கள், நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் தேத்தண்ணி வரும், தேத்தண்ணி வந்தால் நான் வேறு கதை கதைத்துவிட்டுத் திரும்பிவிடுவேன். நின்றபடியே சொன்னேன். "நானா, ஒங்கட போஞ்சி மழை இல்லாமச் சாகல்ல. என்ட பம்பாலதான் கெணறு உப்பாகின. எனக்குத் தெரிஞ்ச பொறகும் மூணு கெழம ஓட விட்டன்."

ரவூப் நானா கையில் இருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தார். பிறகு, "அப்ப நான் ஒவ்வொரு தொழுகையிலயும் அல்லாட்ட மழை கேட்டேனே, அதெல்லாம் என்ன கணக்கு?" என்றார்.

கைருன் தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஐயோ மச்சி, நான் இவரத்தானே ஏசின. உப்புத் தண்ணி போதாதெண்டு யூரியாவயும் கூடப் போட்டு எரிச்சிட்டீங்க, கண் தெரியாதா எண்டு கேட்டு, ஒரு மாசமா இவரோட சரியாக் கதைக்கவுமில்ல."

"இப்பக் கதைக்கலாம்" என்றார் அவர். "மொதல்ல மன்னிப்புக் கேட்டுட்டு."

"போஞ்சிக்குக் கேக்கிறன். போன வருஷம் கத்தரிக்கு யூரியா போட்டது நீங்கதானே, அதுக்குக் கேக்க ஏலா."

நான் சிரித்துவிட்டேன். சிரிக்கக் கூடாத இடம். அவளும் சிரித்தாள். ரவூப் நானா சிரிக்கவில்லை. "தங்கச்சி, நீங்க வந்து சொன்னது பெரிய விஷயம்" என்றார். "ஆனா மகன் சபையில சொல்லிட்டுப் போயிட்டாரே. அது பதிவாகியிருக்கும். நாளைக்கு நான் கெணறு உப்பு எண்டு அரசாங்கக் கந்தோருக்குப் போனா, சோலாரால பாதிப்பில்ல எண்டு பதிவிலயே இருக்கு, நீ பொய் சொல்ற எண்டு சொல்லுவாங்க. நீங்க முற்றத்தில சொன்னத நான் எங்க கொண்டுபோய்க் காட்டுற?"

மகன், இந்தக் கேள்விக்காகத்தான் இந்தக் கடிதம். அவர் என்னிடம் போஞ்சிக்கு எதுவும் கேட்கவில்லை. வாய்வார்த்தையாகக்கூடக் கோபப்படவில்லை. தான் சொல்லப்போகும் உண்மையை முன்கூட்டியே பொய்யாக்கி வைத்துவிட்டார்களே என்பதுதான் அவருடைய முறைப்பாடு. அதைச் செய்தவர்கள் நாம் இரண்டு பேரும்.

உன் வாப்பா அன்றைக்குப் பின்னேரமே ஒரு வேலை செய்தார். பம்புக் குழாயின் வாயில் ஒரு சின்னச் சக்கரம் பூட்டி, தண்ணீர் விழுந்து சக்கரம் சுற்றச் சுற்றப் பால்மாத் தகரத்தில் ஒரு கம்பி தட்டுகிற மாதிரி வைத்தார். ஊர் முழுக்கக் கேட்கும். நீங்கள் எவ்வளவோ படித்துச் சத்தமில்லாமல் செய்த பம்புக்கு நாங்கள் சத்தம் பூட்டியிருக்கிறோம். இப்போது தகரம் தட்டினால் ரவூப் நானா பொறுக்கிறார், அவருடைய இஞ்சின் கேட்டால் நான் ஆளியை நிறுத்துகிறேன். காலையில் இரண்டு மணித்தியாலம், அதற்குமேல் நான் பாய்ச்சுவதில்லை. வேலியோரத்துப் புல் காய்ந்துவிட்டது, நல்லது. ஊர்ச் சிறுவர்கள் தகரச் சத்தத்துக்கு ஆடுகிறார்கள். வாப்பா இரண்டாவது தகரம் கட்டி வேறு ஒலி வர வைக்கப் பார்க்கிறார், நான் தடுத்து வைத்திருக்கிறேன். கிணறு தெளியுமா என்று இப்போதைக்குத் தெரியாது. ஒரு நல்ல மாரி வேண்டும். கைருன் குடிதண்ணீருக்கு எங்கள் வீட்டுக்கு வருகிறாள். குடத்தை இறக்கி வைத்துவிட்டு ஒரு மணித்தியாலம் கதைத்துவிட்டுத்தான் போகிறாள். முன்பு இஞ்சின் சத்தத்தில் இவ்வளவு நல்ல ஊர்க் கதைகள் எனக்குக் கேட்காமல் போயிருக்கின்றன.

நீ சொல்வாய், ஒரு கிணறு, ஒரு பந்தல் போஞ்சி, இதற்காக ஒரு பெரிய மாற்றத்தை நிறுத்த முடியுமா என்று. நிறுத்தச் சொல்லவில்லை. விரைவாகவே கொண்டுவா. எண்ணெய் போகட்டும், நான் வாசலில் நின்று வழியனுப்புவேன். ஆனால் எண்ணெய் எங்களுக்குப் புகையை மட்டும் தரவில்லை, அளவையும் தந்தது. அதை எடுக்கும்போது அந்த அளவை வேறு எங்கே வைக்கப் போகிறாய் என்று உன் வரைவில் ஒரு வரியும் இல்லை. நீ படத்தோடு காட்டிய தாள்கள் முழுவதையும் நான் இரண்டு தடவை வாசித்தேன். இஞ்சினின் குதிரைவலு இருக்கிறது, சோலார்த் தகட்டின் அகலம் இருக்கிறது, தண்டம் எவ்வளவு என்றுகூட இருக்கிறது. கிணறு என்ற சொல் இல்லை. மணலுக்குக் கீழே எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து, யார் எந்த நேரம் எவ்வளவு எடுக்கலாம் என்று ஊரோடு சேர்ந்து முடிவுசெய்யாமல் எல்லோருக்கும் சும்மா ஓடுகிற பம்பைக் கொடுத்தால், இந்தத் தீபகற்பம் முழுவதும் என்னைப் போல மூன்று கிழமை, மூன்று கிழமை என்று ஓட விடும். நல்ல மனிசர்கள்தான் ஓட விடுவார்கள். நான் கெட்டவள் இல்லையே.

உனக்கு ஒரு புத்தி சொல்கிறேன், உம்மா என்ற உரிமையில். ஒரு திட்டத்தை நிரூபிக்க உன் வீட்டை உதாரணம் காட்டாதே. வீட்டில் உள்ளவர்கள் உன் மேல் உள்ள ஆசையில் உனக்குப் பொய் சொல்வார்கள். உன்னைப் பிடிக்காதவனிடம் போய்க் கேள், அவன் சரியாகச் சொல்வான். அந்த உதிரிப்பாகக் கடைக்காரரிடம்கூட ஒரு நாள் போய் உட்கார். அவருடைய கத்தலில் பாதி வியாபாரம், மீதிப் பாதியில் ஏதாவது இருக்கலாம். இன்னொன்று, கூட்டத்துக்கு வரும்போது பேனையை எடு. எழுதினாலும் எழுதாவிட்டாலும் கையில் இருக்கட்டும். கேட்கிறவனுக்கு அது ஒரு மரியாதை. அந்தப் பெண் வீட்டார் பற்றிக் கவலைப்படாதே. அந்த உம்மாவிடம் நானே போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "உண்மை சொல்ற மாமியார் கெடைக்கிறது கஷ்டம்" என்றாள். கஷ்டம் என்று எதைச் சொன்னாள் என்று நான் விசாரிக்கவில்லை.

வரைவு அடுத்த மாதம் மேலே போகிறது என்று நீதான் சொன்னாய். மேலே போனால் என் தோட்டத்தின் படம், ஒருத்தருக்கும் பாதிப்பில்லை என்ற வரியோடு, அச்சில் நிற்கும். பிறகு ரவூப் நானா எந்த மேசைக்கு முன்னால் போய் நின்றாலும் அந்தப் படம் அவருக்கு எதிராகச் சாட்சி சொல்லும். அதற்கு முன் நீ இங்கே வர வேண்டும். தொலைபேசியில் சொல்வது, திருத்தம் என்று ஒரு மின்னஞ்சல் அனுப்புவது, இதெல்லாம் எனக்கு வேண்டாம். அதே மண்டபத்தில், அதே ஒலிவாங்கியில், அதே சபைக்கு, தமிழிலும் சிங்களத்திலும், என் உம்மாவின் பம்பால் ரவூப் நானாவின் கிணறு உப்பானது என்று நீ வாசிக்க வேண்டும். என் பெயரை முழுதாகச் சொல்லு, ஒரு தோட்டக்காரி என்று மறைக்காதே. நான் அவருக்குப் பக்கத்துக் கதிரையில் இருப்பேன். வாசித்ததை அவர் கேட்டு, சரி என்று சொன்ன பிறகு அதைப் பதிவில் ஏற்று. இவ்வளவையும் நேற்றுக் காலையில் உனக்குக் குரல் பதிவாகவும் அனுப்பினேன். நீ கேட்டுவிட்டாய் என்று என் போன் காட்டுகிறது. பள்ளிக்கூட அதிபரிடம் மண்டபத்தைக் கேட்டு வைக்க வேண்டும், எந்த நாள் என்று அவர் கேட்கிறார். எந்தச் சனிக்கிழமை வருகிறாய்?